பாட்டு ஊரெல்லாம் போகுது, பேரு போக மாட்டேங்குது

ஃப்ரீயா ஷேர் பண்ணா கலைஞனுக்கு விளம்பரம்தானே, அதுல என்னங்க நஷ்டம்னு ஒரு கோஷ்டி. காசு குடுக்காம டவுன்லோட் பண்றவன் எல்லாம் திருடன், அவனாலதான் பாட்டுக்காரங்க பொழப்பு போச்சுன்னு இன்னொரு கோஷ்டி. இன்டர்நெட்ல ஒருத்தருக்கொருத்தர் பாட்டு ஃபைல் அனுப்பிக்கற நாப்ஸ்டர் வந்த 1999லேர்ந்து இந்தச் சண்டை ஓடுது, இன்னைக்கும் டெலிகிராம்ல ஏதாவது ஆல்பம் லீக் ஆச்சுன்னா அதே டயலாக்தான். எனக்கு ரெண்டு கோஷ்டி மேலயும் கொஞ்சம் கடுப்பு உண்டு. ரெண்டு பேரும் பேசறது ஆல்பம் வித்து சம்பாதிக்கறவங்களைப் பத்தி. சேலத்துல ஆல்பம் வித்து குடும்பம் நடத்தற ஆளை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. இங்க இருக்கறது பம்பை செட், மேள செட், பேண்டு செட், ஆர்க்கெஸ்ட்ரா, கூத்து. இவங்களுக்கு இந்த ஃபைல் ஷேரிங் என்ன பண்ணுச்சுன்னு யாராவது எழுதுவாங்களான்னு பாத்தேன், யாரும் எழுதற மாதிரி தெரியல, சரி நாமளே எழுதிடுவோம்னு உக்காந்துட்டேன்.

என்னைப் பத்தி ரெண்டு வரி சொல்லிடறேன். பகல்ல பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் மொபைல் சர்வீஸ் கடை, சீசன்ல ஆர்க்கெஸ்ட்ராவுல கீபோர்டு வாசிக்கறேன். எங்கம்மா கூடப் பொறந்த மாமா அம்மாபேட்டையில பம்பை செட் வச்சு நடத்தறார். அதனால பாட்டை காப்பி பண்ணி குடுக்கறவன் பக்கமும் தெரியும், மேடையில நின்னு வாசிக்கறவன் பக்கமும் தெரியும், சாமி முன்னாடி விடிய விடிய பம்பை அடிச்சிட்டு காலையில கமிட்டிக்காரங்ககிட்ட பாக்கி காசுக்கு நிக்கறவங்க பக்கமும் தெரியும்.

மொதல்ல வெளிநாட்டுக் கதையை சீக்கிரம் முடிச்சிடலாம். ஷான் ஃபேனிங்னு ஒரு காலேஜ் பையன் 1999ல நாப்ஸ்டரை விட்டான், அந்த வருஷம் டிசம்பர்லயே ரெக்கார்டு கம்பெனிங்க கேஸ் போட்டாங்க, 2000 ஏப்ரல்ல மெட்டாலிகா பேண்டே தனியா கேஸ் போட்டு 3 லட்சத்துக்கும் மேல யூசர் பேரை லிஸ்ட் எடுத்துக் குடுத்தாங்க, 2001 ஜூலையில கடையை மூடிட்டாங்க. அதே 2000ல ரேடியோஹெட்டோட 'கிட் ஏ' ஆல்பம் ரிலீஸுக்கு முன்னாடியே நாப்ஸ்டர்ல சுத்துச்சு, ஆனாலும் அமெரிக்காவுல நேரா நம்பர் 1ல போய் உக்காந்துச்சு. 2007ல ஓபர்ஹோல்சர்-ஜீ, ஸ்ட்ரம்ப்னு ரெண்டு ப்ரொஃபசருங்க, டவுன்லோடால ஆல்பம் சேல்ஸ் குறைஞ்சதா கணக்குல ஒண்ணும் தெரியலையேன்னு பேப்பர் போட்டாங்க, ஸ்டான் லீபோவிட்ஸ்னு இன்னொரு ப்ரொஃபசர் அந்தக் கணக்கே தப்புன்னு பதிலுக்கு எழுதினார். ஆனா ஒண்ணு, 1999 வாக்குல உச்சத்துல இருந்த உலக ரெக்கார்டு வியாபாரம் 2014 வரைக்கும் இறங்கிட்டேதான் வந்துச்சு, ஸ்ட்ரீமிங் சூடு பிடிச்ச பிறகுதான் தலை தூக்குச்சு. அதனால நஷ்டமே இல்லைன்னு சொல்றவங்க பேச்சை நான் முழுசா நம்பறதில்ல.

நம்ம ஊர் கணக்கு வேற. இங்க பாட்டுன்னா சினிமா பாட்டு, அதோட ஆடியோ ரைட்ஸை கம்பெனி வாங்கிடும், ம்யூசிக் டைரக்டருக்கும் பாடினவருக்கும் சம்பளம் பேசி குடுத்துடுவாங்க, வயலின் வாசிச்சவர் தவில் வாசிச்சவர் எல்லாம் கால்ஷீட் கணக்கு. எம்பி3 ஊரைச் சுத்துச்சுன்னா மொதல்ல அடி வாங்கறது அந்த ஆடியோ கம்பெனி. அன்னைக்கு கால்ஷீட் காசு வாங்கிட்டு கெளம்பின தவில்காரருக்கு, பாட்டு கோடி பேர் கேட்டாலும் ஒண்ணுதான், ஒருத்தரும் கேக்கலைன்னாலும் ஒண்ணுதான். 2012ல காப்பிரைட் சட்டத்தைத் திருத்தி, ட்யூன் போட்டவருக்கும் பாட்டு எழுதினவருக்கும் ராயல்டி உரிமையை யாரும் எழுதி வாங்கிட முடியாதுன்னு ஆக்கினாங்க, வசூல் பண்ணிக் குடுக்க 1969லேர்ந்து ஐபிஆர்எஸ்னு ஒரு சங்கம் இருக்கு. நல்ல விஷயம்தான். ஆனா கோட்டை மாரியம்மனுக்கு பம்பை அடிக்கறவருக்கு இதுல ஒரு சீட்டும் இல்ல, அந்தப் பாட்டுக்கு எழுதினவர் யாரு, ட்யூன் போட்டவர் யாரு? அவங்க தாத்தா பாடினார், அவரோட தாத்தா பாடினார், அவ்வளவுதான்.

காப்பி அடிக்கறது இன்டர்நெட்டோட வந்ததுன்னு நெனைக்கறவங்க 90ஸுக்கு முன்னாடி பொறந்தவங்களைக் கேளுங்க. ரெக்கார்டிங் சென்டர்ல ஒரு பேப்பர்ல இருபது பாட்டு எழுதிக் குடுத்தா டிடிகே கேசட்டுல ஏத்திக் குடுப்பாங்க, 60ஆ 90ஆன்னு கேப்பாங்க, ரெண்டு நாள் கழிச்சு வாங்கிக்கணும். அப்புறம் ஒரே சிடியில நூத்தி ஐம்பது பாட்டுன்னு ப்ளாட்ஃபார்ம்ல வித்தாங்க. அதுக்கப்புறம் வந்ததுதான் நம்ம காலம், மெமரி கார்டு காலம்.

கடை கண்ணாடியில "இங்கு பாடல்கள் ஏற்றித் தரப்படும்"னு ஒட்டியிருப்போம், முப்பது ரூபா, அம்பது ரூபா. 2 ஜிபி கார்டுல 128 கேபிபிஎஸ் பாட்டுன்னா சுமாரா 400 பாட்டு பிடிக்கும். வர்றவங்க தனித்தனிப் பாட்டு எல்லாம் சொல்ல மாட்டாங்க, "அண்ணா எஸ்பிபி மெலடி கொஞ்சம், குத்து கொஞ்சம், சாமி பாட்டு ஒரு அம்பது போட்டு விடுங்க"ன்னுட்டு டீ குடிக்கப் போயிடுவாங்க. லாரி ஓட்டறவங்க, வெள்ளிப் பட்டறையில கொலுசு வேலை பாக்கறவங்க, தறி ஓட்டறவங்க, இவங்கதான் கஸ்டமர். தறி சத்தத்துக்கு மேல பாட்டு கேக்கணும்னு சவுண்டா இருக்கற பாட்டா கேட்டு வாங்குவாங்க.

இதுல ஒரு விஷயம் ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்கு உறைச்சுது. டவுன்லோட் சைட்டுலேர்ந்து எடுத்த ஃபைல் எதை ஓப்பன் பண்ணாலும் ஆர்ட்டிஸ்ட் பேர் இருக்கற எடத்துல அந்த வெப்சைட் பேர் இருக்கும். ஆல்பம்ங்கற எடத்துலயும் அதே, கமெண்ட்லயும் அதே, அட்டைப் படத்துல பாதிக்கு அவங்க லோகோ. எம்பி3க்குள்ள பேர் எழுதி வைக்க டேக்னு ஒரு சின்ன எடம் இருக்கு இல்லீங்களா, அதைத்தான் மொத வேலையா அழிச்சிட்டு தன் பேரைப் போட்டுக்குவான். சினிமா பாட்டுக்கு இதனால ஒண்ணும் குறையல, ராஜா சார் பாட்டுல எவன் பேரைப் போட்டாலும் அது ராஜா சார் பாட்டுதான், சின்னப் புள்ளைக்குக்கூட தெரியும். பம்பை பாட்டுக்கு?

எங்க மாமா செட்டை வச்சு ஒரு ஆடியோ கம்பெனி அம்மன் பாட்டு சிடி ஒண்ணு போட்டுச்சு. ஒரே நாள் ரெக்கார்டிங், மொத்தமா ஒரு தொகை, சாப்பாடு, பஸ் காசு. ராயல்டிங்கற பேச்செல்லாம் கிடையாது, மாமாவும் கேக்கல. அவருக்கு அட்டையில செட் பேர் போட்டு கீழ ஊர் பேர் போட்டதே பெரிய சந்தோஷம். அந்த சிடி எவ்வளவு வித்துச்சோ தெரியாது, அதுல இருந்த ஒரு வர்ணிப்புப் பாட்டு மட்டும் எப்படியோ வெளிய வந்து கடைக்குக் கடை போயிடுச்சு. என் கடைக்கே இன்னொரு கடைப் பையன் பென்டிரைவ்லதான் வந்துச்சு, ஃபைல் பேரு "அம்மன் பம்பை செம மாஸ் 07". ஆர்ட்டிஸ்ட் எடத்துல வழக்கம்போல ஏதோ ஒரு வெப்சைட். கேட்ட ஒடனே மாமா குரல்னு தெரிஞ்சுடுச்சு, போன் பண்ணி சொன்னேன், "அப்படியா மாப்ள, எல்லாரும் கேக்கறாங்களா"ன்னு குஷியாயிட்டார்.

அந்தப் பாட்டு போகாத எடம் இல்லீங்க. தர்மபுரி போற பஸ்ல கேட்டேன், ஆத்தூர்ல ஒரு ஹோட்டல்ல கேட்டேன், ஆடி மாசம் ஷெவாப்பேட்டையில தெருவுக்குத் தெரு குழாயில கேட்டேன். இவ்வளவு பேர் கேட்டும் அந்தப் பாட்டால மாமாவுக்கு ஒரு புக்கிங்கூட வரல. எப்படி வரும், கேட்டவங்களுக்கு பிடிச்சிருந்தாலும் யாரைத் தேடிப் போவாங்க, "செம மாஸ் 07"ஐயா? லட்சம் விசிட்டிங் கார்டு அடிச்சு ஊரெல்லாம் குடுத்துட்டு அதுல போன் நம்பரை மட்டும் போடாம விட்ட மாதிரி ஆயிடுச்சு கதை. எக்ஸ்போஷர் எக்ஸ்போஷர்னு சொல்றாங்களே, அது பாட்டுக்குக் கெடைச்சுது, பாடினவருக்குக் கெடைக்கல.

இதை அப்படியே 'கொலவெறி' பாட்டோட வச்சுப் பாருங்க. 2011ல அந்தப் பாட்டோட ரஃப் வெர்ஷன் நெட்ல லீக் ஆயிடுச்சு, அதனாலதான் நவம்பர் 16ம் தேதி அஃபிஷியலா யூட்யூப்ல விட்டாங்க. அதுக்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அது லீக்ல ஆரம்பிச்சு உலகம் சுத்துச்சுன்னா, போன எடமெல்லாம் கூடவே தனுஷ் முகம் போச்சு, அனிருத் பேர் போச்சு. ஸ்டுடியோல உக்காந்து பாடற வீடியோதானே அது. ஃபைலைத் தடுக்க முடியலைன்னா பேரோட சேத்து அனுப்பிடுங்கறது பெரிய ஆளுங்களுக்குக் கைகூடுது, அவங்ககிட்ட அதுக்கு ஆள் இருக்கு, கம்பெனி இருக்கு. அம்மாபேட்டைக்கு அதெல்லாம் ஏது.

2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு. எங்க மெமரி கார்டு வியாபாரம் படுத்துடுச்சு, நெட் சும்மா கெடைக்கும்போது எவன் அம்பது ரூபா குடுப்பான். ஷேர்இட், ஜெண்டர்னு ஆப்பை வச்சு போனுக்குப் போன் அனுப்பிக்கிட்டாங்க, 2020 ஜூன்ல அந்த ஆப்பை எல்லாம் கவர்மெண்ட் தடை பண்ணுச்சு, அதுக்குள்ள எல்லாரும் வாட்சப்புக்கும் யூட்யூபுக்கும் மாறியிருந்தாங்க. நெட் வந்ததால கலைஞன் அழிஞ்சான்னு சொல்றவங்க இந்த எடத்துல கொஞ்சம் நிக்கணும், ஏன்னா மாமாவுக்கு நல்ல காலம் வந்ததே இதுக்கப்புறம்தான்.

குகையில ஆடி வண்டி வேடிக்கை நடக்கும், பாத்திருக்கீங்களா, லாரியில டிராக்டர்ல புராணக் கதை வேஷம் கட்டி ஜோடிச்சு ஊர்வலமா வரும், சேலத்துல அந்த ராத்திரி யாரும் தூங்க மாட்டாங்க. அதுல மாமா செட் அடிச்சதை ஒரு பையன் போன்ல எடுத்து அவன் சேனல்ல போட்டான். பையன் நல்ல பையன், தலைப்புலயே செட் பேரைப் போட்டு, கீழ மாமா நம்பரையும் போட்டுட்டான். அவ்வளவுதான். நாமக்கல்லேர்ந்து போன், கிருஷ்ணகிரியிலேர்ந்து போன், ஈரோட்டுலேர்ந்து ஒரு கல்யாண வீட்டுக்காரங்க போன். அதுவரைக்கும் சேலம் ஜில்லாவைத் தாண்டாத செட்டு வேன் வாடகைக்கு எடுத்து வெளியூர் போக ஆரம்பிச்சுது. வீடியோவுல வர்ற விளம்பரக் காசு அந்தப் பையனுக்குப் போகுது, நமக்கு ஒண்ணும் இல்லையேன்னு நான் கேட்டேன். "அவன் காசு அவனுக்கு இருக்கட்டும் மாப்ள, எனக்கு போன் வந்தாப் போதும்"னுட்டார். மாமாவோட கணக்கு எனக்கு முழுசா சம்மதம் இல்ல, பாதியாவது கேக்கலாம்தான், ஆனா அவர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. 2020லயும் 2021லயும் கொரோனாவுல திருவிழாவே இல்லாம பம்பையை பரண்ல போட்டு வச்சப்ப, பழைய வீடியோவைப் பாத்து வெளியூர்க்காரங்க போன் பண்ணி "எப்பண்ணா ஆரம்பிப்பீங்க"ன்னு கேட்டுட்டு இருந்தாங்க, அந்த போனுங்கதான் அவரைத் தெம்பா வச்சுச்சு. சோறு போட்டுச்சான்னா, இல்ல, அந்த ரெண்டு வருஷமும் அவர் பெயிண்டிங் வேலைக்குப் போனார்.

சரி, அப்ப நஷ்டமே இல்லையான்னா, இருக்கு. ஆனா எல்லாரும் கையைக் காட்டற எடத்துல இல்ல. பாட்டை காப்பி பண்ணி வீட்ல கேக்கறவனால எங்களுக்கு ஒரு ரூபா போகல, அவன் எப்பவும் எங்களுக்குக் காசு குடுக்கறவனா இருந்ததே இல்ல. காசு குடுக்கறவங்க கோவில் கமிட்டி, கல்யாண வீடு, ஹோட்டல். அவங்க கையில அந்த ஃபைல் போய்ச் சேந்தப்பதான் அடி விழுந்துச்சு.

ஆர்க்கெஸ்ட்ராவை எடுத்துக்கோங்க. நான் சேந்த புதுசுல மேடையில பதினஞ்சு பேர் வரைக்கும் உக்காருவோம். தபேலா, டோலக், ரெண்டு கிடார், ஃப்ளூட், வயலின், ட்ரம்ஸ், ரெண்டு கீபோர்டு, பாடறவங்க தனி. அப்புறம் ட்ராக் வந்துச்சு. பாட்டுல குரலை மட்டும் எடுத்துட்டு மிச்ச ம்யூசிக் எல்லாம் இருக்கற ஃபைல். மொதல்ல சிடியில காசுக்கு வித்தாங்க, அப்புறம் பென்டிரைவுக்கு பென்டிரைவ் போயி இப்ப ஒரு ஹார்டு டிஸ்க்ல ஆயிரக்கணக்குல எல்லார்கிட்டயும் கெடக்கு. ஒரு லேப்டாப், ஒரு மிக்சர், ஆம்பளைக் குரல் ஒண்ணு பொம்பளைக் குரல் ஒண்ணு, கச்சேரி முடிஞ்சுது. பார்ட்டிக்கு பாதிக்குப் பாதி செலவு மிச்சம். பாடறவங்களுக்கு நெட்டால புக்கிங் கூடியிருக்கு, ரீல்ஸ் போட்டு நல்லா வந்தவங்க எனக்கே நாலஞ்சு பேர் தெரியும். ஃப்ளூட் வாசிச்ச அண்ணன் இப்ப ஆட்டோ ஓட்டறார். ஒரே ஃபைல் ஷேரிங்தான், ஒரே மேடைதான், பாடகருக்கு லாபம், பக்கத்துல உக்காந்திருந்தவருக்கு சீட்டே காலி. வெளிநாட்டுல எழுதின எந்தக் கட்டுரையிலயும் இந்தக் கணக்கை நான் பாக்கல.

ஏற்காட்டுலயும் இதேதான். முன்ன கோடை விழா சமயம் மேல ரிசார்ட்டுங்கள்ல சாயங்காலம் கேம்ப்ஃபயர் போட்டா கிடாரோட ஒரு பையன், கூட கஹோன்ங்கற பெட்டியைத் தட்ட ஒருத்தன்னு கூப்பிடுவாங்க. நானே கீபோர்டைத் தூக்கிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறியிருக்கேன், குளிருல விரல் வெறைச்சுப் போயி கீ தப்பா விழும். இப்ப ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒண்ணு வச்சிருக்காங்க. கெஸ்ட்டுங்களே போனை கனெக்ட் பண்ணிக்கறாங்க, அவங்களுக்கும் அதுதான் பிடிச்சிருக்காம்.

பம்பைக்கு வந்த வினை இன்னும் மோசம். ரோலண்ட் எஸ்பிடி-எஸ்எக்ஸ் மாதிரி எலக்ட்ரானிக் பேடுங்க வந்ததிலேர்ந்து எந்த சத்தத்தை வேணாலும் அதுக்குள்ள ஏத்திக்கலாம், குச்சியால தட்டுனா அந்த சத்தம் வரும். பம்பை, உடுக்கை, பறை, தவில்னு லூப் எல்லாம், அதாவது திரும்பத் திரும்ப ஓட விடற சின்னத் துண்டுங்களை, பேக்கா கட்டி வாட்சப் குரூப்புல விக்கறாங்க, ஒருத்தன் வாங்கினா பத்து பேருக்கு ஃப்ரீயா போயிடும். கீபோர்டுகாரனா எனக்கும் அந்த குரூப்புங்க வரும். ஒரு நாள் ஒரு பேக்கை ஓப்பன் பண்ணி ஒவ்வொண்ணா தட்டிக் கேட்டுட்டே வரேன், நாலாவதா ஒரு லூப், எங்க மாமா கை. அந்த வர்ணிப்புப் பாட்டுல பாட்டு நின்னு பம்பை மட்டும் தனியா ஓடற எடம் ஒண்ணு வரும், அதை அப்படியே வெட்டி எடுத்திருக்கான். அவர் எடது கையில ஒரு சின்ன இழுப்பு இருக்கும், அதை நான் தூக்கத்துல கேட்டாலும் சொல்லிடுவேன். இப்ப யோசிச்சுப் பாருங்க, ஒரு கமிட்டி மாமா செட்டை விட்டுட்டு பேடு வாசிக்கற ஒரு பையனைக் கூப்பிடுது, அந்தப் பையன் தட்டறது மாமாவோட அடியை. அவர் கை அவருக்கே போட்டியா நிக்குது.

மாமாகிட்ட போட்டுக் காட்டினேன். கோவப்படுவார்னு பாத்தா ரெண்டு தடவை கேட்டுட்டு "தாளம் தப்பாத எடமா பாத்துத்தான் வெட்டிருக்கான்"னு சொன்னார். சட்டப்படி ஏதாவது பண்ணலாமான்னு தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட கேட்டேன், வாசிச்சவங்களுக்குன்னு பெர்ஃபார்மர் ரைட்ஸ் சட்டத்துல இருக்கு, ஆனா சிடி போட்டப்ப என்ன எழுதிக் குடுத்தீங்கன்னு அந்தப் பேப்பரைக் கொண்டாங்கன்னார். பேப்பர் எங்க இருக்கு. வவுச்சர்ல கையெழுத்துப் போட்டதுதான் மாமாவுக்கு ஞாபகம். போதாததுக்கு கோவில் சடங்குலயும் கல்யாண ஊர்வலத்துலயும் பாட்டு போட லைசென்ஸே வேணாம்னு சட்டத்துலயே விலக்கு இருக்கு. அது நல்லதுக்குத்தான் வச்சிருக்காங்க, ஊர்ப் பண்டிகையில ஒவ்வொரு பாட்டுக்கும் ரசீது கேட்டா நல்லாவா இருக்கும். ஆனா எங்க ஆளுங்களோட மொத்த பொழப்பும் அந்த ரெண்டு எடத்துலதான் ஓடுது, அதையும் பாக்கணும்ல.

ஸ்ட்ரீமிங்ல போடுங்க, நேர்மையா காசு வரும்னு தம்பி ஒருத்தன் சொன்னான், நானே மாமா செட்டோட மூணு பாட்டை புதுசா ரெக்கார்டு பண்ணி ஏத்தி விட்டேன். ஸ்பாடிஃபைல 2024லேர்ந்து ஒரு பாட்டு பன்னெண்டு மாசத்துல 1000 தடவையாவது ஓடினாத்தான் காசு கணக்குலயே வரும். எங்க பாட்டு அதைத் தொடல. சாமி பாட்டை அங்க போய் கேக்கற ஆள் கம்மி, கேக்கறவங்களும் பெரிய பாடகருங்க பாடினதைத்தான் கேக்கறாங்க. அதனால திருட்டு எம்பி3 போயி ஸ்ட்ரீமிங் வந்துடுச்சு, கலைஞனுக்கு விடிஞ்சுதுன்னு எழுதறவங்களைப் பாத்தா சிரிப்புதான் வருது, விடிஞ்சது யாருக்குங்க?

மாமா இதுக்கு தன் வழியில ஒண்ணு பண்ணிக்கிட்டார். கூத்துலயும் உடுக்கைப் பாட்டுலயும் பாடறவர் நடுவுல தன் ஊரையும் குருவையும் சொல்லிப் பாடறது பழைய வழக்கம்தான். அவர் அதோட செல் நம்பரையும் சேத்துட்டார். மாரியாத்தாளை வர்ணிச்சுட்டே வந்து, அம்மாபேட்டை செட்டுன்னு பாடி, ஒம்போது எட்டுன்னு நம்பரை தாளத்துலயே இறக்கறார் பாருங்க, மொத தடவை கேட்டப்ப நான் சிரிச்சே விட்டேன். டேக்கை அழிக்கலாம், பாட்டுக்குள்ள இருக்கற நம்பரை எப்படி அழிப்பான். லூப் வெட்டறவனுக்கு இதனால ஒரு தடையும் இல்ல, அவனுக்குக் குரலே வேணாமே, அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல. ஆனா முழுப் பாட்டா சுத்தற ஃபைலுக்கு இது வேலை செய்யுது, இப்ப யாராவது காப்பி பண்ணிக் கேட்டா மாமா சந்தோஷமா குடுக்கறார், "நல்லா எல்லாருக்கும் அனுப்புங்க"ன்னு வேற சொல்றார்.

போன ஆடிக்கு ஓமலூர் பக்கத்துலேர்ந்து ஒரு கமிட்டிக்காரங்க வந்தாங்க. வீடியோ பாத்தோம்ணா, பிரமாதம், ஆனா ரேட்டு கட்டுப்படி ஆகல, அந்தப் பாட்டை மட்டும் பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க, ரேடியோ செட்டுல போட்டுக்கறோம்னு கேட்டாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல, மாமா பேசாம உள்ள போய் எடுத்துட்டு வந்து குடுத்துட்டார். அந்த ஊர்லேர்ந்து அதுக்கப்புறம் ஒரு போனும் வரல. பக்கத்து ஊர்லேர்ந்து வந்துச்சு, குழாயில நம்பர் கேட்டு எழுதிக்கிட்டோம்னு சொன்னாங்களாம். அவங்களும் ரேட்டு ஜாஸ்தின்னுதான் ஆரம்பிச்சாங்க, இன்னும் பேசிட்டு இருக்கார்.